ரெஃபரன்ஸ் டிராக்கின் சத்தத்தை முதலில் குறையுங்கள்

ஹவுஸ், டெக்னோ என்று கிளப்புக்கான மின்னணு நடன இசை செய்யத் தொடங்கியிருக்கும் தம்பிகள் சிலர் அவ்வப்போது புராஜெக்டைத் திறந்து காட்டி, "கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கண்ணா" என்பார்கள். ரெஃபரன்ஸ் டிராக், அதாவது நம் மிக்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே வெளிவந்த ஒரு பாட்டு, வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் ஒருவர் விடாமல் அதே இடத்தில் சறுக்குகிறார்கள். மெட்டைத் திருடாதே, நல்ல ஹெட்போன் வாங்கு போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். நன்றாக இருக்கும் மிக்ஸையே கெடுத்துவிடுகிற தவறு இது.

காசு கொடுத்து வாங்கிய கிளப் டிராக் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் சத்தத்தை ஏற்றிச் சீராக்கும் கடைசி வேலை) முடிந்து வந்திருக்கும். டிராப்பில் (பீட் முழு வீச்சில் இறங்கும் இடம்) -7 லஃப்ஸ் வரைகூடப் போகும். லஃப்ஸ் என்பது சத்தத்தின் அளவு, சுழியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல். உங்கள் மிக்ஸ் மாஸ்டர் ஆகாமல் -16-ல் நிற்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 9 டெசிபல். சத்தம் கூடக் கூட நம் காதுக்கு அடி பேஸ் கூடுதலாகக் கேட்கும், உச்ச ஒலிகளும் ஓரளவு அப்படித்தான். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். ரெஃபரன்ஸ் கனமாகவும் பளிச்சென்றும் கேட்பதில் பெரும்பங்கு வெறும் சத்தம்தான்.

அது தெரியாமல் ஈக்யூவை (அடி, உச்ச ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) திருகத் தொடங்குவார்கள். சமீபத்தில் ஒரு தம்பி, கிக்குக்கு (பேஸ் டிரம் அடி) 55 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றியிருந்தார். ஹை-ஹாட்டின் உச்ச ஒலிகளை மொத்தமாக ஏற்ற ஒரு ஷெல்ஃப். அதுவும் போதவில்லை என்று எல்லாம் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (ஓர் எல்லைக்கு மேல் சத்தம் போகாமல் அமுக்கும் கருவி). அதன் மீட்டர் ஒவ்வொரு கிக்குக்கும் 8 டெசிபல் அமுக்கிக்கொண்டிருந்தது. கிக்கின் 'டக்' போய் 'பொத்' மட்டும் மிச்சம். நான் ஈக்யூ, லிமிட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரெஃபரன்ஸ் சேனலில் சத்தத்தை ஏற்றி இறக்கும் யுடிலிட்டி கருவியைப் போட்டு 9 டெசிபல் இறக்கினேன். மாற்றி மாற்றிக் கேட்டோம். கிக்கில் ஒரு குறையும் இல்லை. பேஸ் லைனின் நோட்டுகள்தான் நீளமாகி, அடுத்த கிக்கின் மேல் வழிந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுருக்கியதும் கிக் தானாக வெளியே வந்தது. அந்தக் கிக்கோடு அவர் மல்லுக்கட்டிய இரவுகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொன்று, ரெஃபரன்ஸையும் மாஸ்டர் சேனல் வழியாகவே விடுவது. ஏற்கெனவே லிமிட்டர் கண்ட பாட்டை உங்கள் லிமிட்டர் மறுபடி நசுக்கும். நீங்கள் கேட்பது அந்த டிராக்கே அல்ல. ஏபிள்டன் லைவ் மென்பொருளில் அந்தச் சேனலின் 'ஆடியோ டூ'வை 'எக்ஸ்ட் அவுட்' என்று மாற்றினால் மாஸ்டரைத் தொடாமல் நேராக வெளியே போகும். டிராப்பை டிராப்போடு ஒப்பிடுங்கள், பீட் அடங்கி நிற்கும் பிரேக்டவுனோடு அல்ல. எப்போதும் ரெஃபரன்ஸைத்தான் குறைக்க வேண்டும், உங்கள் மிக்ஸை ஏற்றக் கூடாது. லஃப்ஸ் மீட்டர் உங்களைச் சமநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். கடைசி ஒரு டெசிபலைக் காதால் முடிவு செய்யுங்கள்.

வார்ப் 'ஆன்' ஆகவே கிடப்பது

லைவில் முழுப் பாட்டை இழுத்துப் போட்டால் வழக்கமாகத் தானாகவே வார்ப் ஆகிவிடும், அதாவது உங்கள் புராஜெக்டின் டெம்போவுக்கு (வேகத்துக்கு) இழுத்துப் பொருத்தப்படும். டெம்போ மாறினால் கிக்கின் முனை மழுங்கும். ஒலியைக் கேட்கும்போது அணையுங்கள், பார் (நான்கு தட்டு கொண்ட தாளக் கட்டம்) எண்ணும்போது மட்டும் போடுங்கள்.

யூடியூபிலிருந்து இறக்கிய ஃபைல்

வேண்டாம். சுருக்கப்படாத வேவ் ஃபைலாக வாங்குங்கள்.

அமைப்பை அப்படியே நகலெடுப்பது

மார்க்கர் வைத்து, எங்கே என்ன நுழைகிறது என்று குறிப்பது நல்ல பயிற்சிதான். 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 தட்டு) 32 பார் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். டிஜே அடுத்த பாட்டைக் கலக்க அந்த நீளமான இன்ட்ரோ தேவை, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய பிரேக்டவுன் நீளமாக இருப்பது அங்கே ஒரு கார்டு வரிசை (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொடர்) மெல்ல விரிவதால். உங்களிடம் இரண்டே நோட்டு ரிஃப் இருந்தால் அத்தனை பார் தாங்காது.

டெக்னோ செய்ய டெக்னோவை மட்டுமே கேட்பது

1980-களில் டெட்ராய்ட்டில் எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி அறிவிப்பாளர் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க்கையும் ஒரே நிகழ்ச்சியில் ஒலிக்கவிட்டார். அதைக் கேட்டு வளர்ந்த ஹுவான் அட்கின்ஸ் போன்றவர்கள்தான் டெக்னோவுக்கு உருவம் கொடுத்தார்கள். 1990-களில் பெர்லினின் பேசிக் சேனல் இரட்டையர் மொரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னெஸ்டஸும் ஜமைக்காவின் டப் இசையில் வரும் எக்கோவை டெக்னோவுக்குள் கொண்டுவந்தார்கள். இவர்கள் வேறு இசையிலிருந்து எடுத்தது மெட்டை அல்ல, ஒரு குணத்தை: எக்கோ ஒவ்வொரு முறையும் எப்படி மங்குகிறது, பேஸ் எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்பது மாதிரி.

அப்படி ஒன்று உங்கள் காதில் பட்டால் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பாட்டை நிறுத்திவிட்டு, காலிப் புராஜெக்டைத் திறங்கள். ரெஃபரன்ஸ் டிராக் அதற்குள் வர வேண்டியது மிக்ஸ் செய்ய உட்காரும் அன்றுதான்.