ஒன்பது ஆட்டினும் முப்பது புளியங்கொட்டையும்

எங்கள் வீட்டில் போக்கர் ஆடுவது புளியங்கொட்டை வைத்துத்தான். காசு வைத்தால் என் மனைவி சீட்டுக்கட்டையே அடுப்பில் போட்டுவிடுவாள். போன தீபாவளி இரவு மச்சினனிடம் மொத்தக் கொட்டையையும் தோற்றேன். அந்த ஓர் ஆட்டத்தை வைத்தே அவுட், பாட் ஆட்ஸ் இரண்டையும் சொல்லிவிடலாம்.

ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில்; இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. என் கையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 8. ஃபிளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், விழுந்தவை ஸ்பேட் ராணி, ஆட்டின் 10, ஆட்டின் 3. இன்னும் ஓர் ஆட்டின் வந்தால் ஃபிளஷ், ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. கட்டில் ஆட்டின் 13, நான்கு கண்ணில் பட்டுவிட்டன, மீதி 9. அவைதான் என் அவுட்கள். கிரிக்கெட்டில் அவுட் என்றால் நடையைக் கட்ட வேண்டும்; இங்கே அதுதான் காப்பாற்ற வரும் சீட்டு. ரம்மி ஆடியவர்களுக்கு இது பழகிய கணக்கு.

அவுட்களை 2-ஆல் பெருக்குங்கள்: அடுத்த ஒரு சீட்டில் அது விழும் சதவீதம் ஏறக்குறையக் கிடைக்கும். இரண்டு சீட்டும் பாக்கி என்றால் 4-ஆல். எனக்கு ஃபிளாப்பில் 36. துல்லியமாகப் பார்த்தால் 35.

நான்காவது சீட்டு கிளாவர் 5. உதவவில்லை. நடுவில், அதாவது பாட்டில், 60 கொட்டை கிடந்தது. மச்சினன் 30 வைத்தான். ஆக 90. நானும் 30 வைத்தால் 120. அதில் நான் வைக்கும் 30 கால்வாசி, 25 சதவீதம். இதுதான் பாட் ஆட்ஸ்: வெல்லும் வாய்ப்பு இந்த 25-க்குக் குறையாமல் இருந்தால்தான் தொடர்வது கட்டுப்படியாகும்.

என் வாய்ப்போ கண்ணில் படாத 46 சீட்டில் 9, 20-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் என் மண்டைக்குள் இன்னும் அந்த 36 உட்கார்ந்திருந்தது. மறுபடி எதுவும் வைக்காமல் இரண்டு சீட்டையும் பார்க்க முடிந்தால்தான் 36 செல்லும். ஃபிளாப்பிலேயே கையிருப்பு முழுவதும் உள்ளே போய்விட்டால் அப்படி நடக்கும். இங்கே ஒரு சீட்டு போய்விட்டது, அதோடு பாதி வாய்ப்பும் போனது. ஃபிளஷ் விழுந்தபின் அவனிடம் இன்னும் 34 கொட்டையாவது கறக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்ப்பதே சரி. நான் வைத்தேன்.

கடைசிச் சீட்டு ஆட்டின் 5! குடும்பமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு, இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினேன். அவன் சத்தமில்லாமல் இரண்டு பத்துகளைத் திருப்பிப் போட்டான். மேசையில் இருந்ததையும் சேர்த்து மூன்று 10, இரண்டு 5: ஃபுல் ஹவுஸ். அது ஃபிளஷை வெல்லும்.

மேசையில் இருக்கும் எண்ணை இரட்டையாக்கும் சீட்டு எதிராளிக்கும் உதவக்கூடும். அன்றைக்கு ஆட்டின் 5-ம் ஆட்டின் ராணியும் என் அவுட்களே அல்ல. உண்மையில் எனக்கு இருந்தது ஏழுதான், 16 சதவீதத்துக்கும் குறைவு.

"அத்தான், இன்னோர் ஆட்டம்?" என்றான். கொட்டை வாங்கச் சமையலறைக்குப் போனேன். டப்பாவை என் மனைவி ஏற்கெனவே ஒளித்து வைத்துவிட்டாள்.