முதலில் ஒரு சுக்கியைப் பிடியுங்கள்: பிலிப்பைன்ஸ் சந்தைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மணிலாவுக்கு வேலைக்கு வந்த முதல் ஏழு மாதங்கள் மாலின் அடித்தளத்தில் இருந்த சூப்பர் மார்க்கெட்டிலேயே காலம் தள்ளினேன். பனிக்கட்டியாய் உறைந்த மீன், பிளாஸ்டிக் சுற்றிய மூன்று கத்தரிக்காய், விலைச்சீட்டு ஒட்டிய இஞ்சி. பக்கத்து வீட்டு லோலா, அதாவது பாட்டி, ஒருநாள் என் பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் தட்டி, டிரைசிக்கிளில் ஏற்றிப் பலெங்கேவுக்கு அழைத்துப் போனார். அன்று எனக்குக் கிடைத்ததை உங்களுக்கு முதல் வாரத்திலேயே கொடுத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பலெங்கே என்றால் பொதுச் சந்தை. வேலியிட்ட இடத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். பெரும்பாலானவற்றை நகராட்சியே நடத்துகிறது. 1991-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சந்தையை அதன் பொறுப்பில் வைத்திருக்கிறது. தெருமுனையில் நாலைந்து பலகைகளோடு நடக்கும் சின்னச் சந்தைக்குத் தலிபாபா என்று பெயர். மீனும் இறைச்சியும் ஈரப்பகுதியில் இருக்கும். அரிசி, கருவாடு, துணிமணி உலர்பகுதியில். ஈரப்பகுதியில் தரை எப்போதும் நனைந்தே கிடக்கும். வியாபாரிகள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பது ஏன் என்று முதல் நாளே புரிந்துவிடும். நல்ல செருப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

மரியாதைச் சொல்லைக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. வயதில் மூத்த பெண்ணை ‘ஆத்தே’ என்றும், ஆணைக் ‘கூயா’ என்றும் அழைக்க வேண்டும். அக்கா, அண்ணன் என்று பொருள். வாக்கியத்தில் ‘போ’ சேர்த்தால் மரியாதை. விலை கேட்க, “மக்கானோ போ?” நம் காதுக்குத் துரத்துவதுபோல் இருக்கும், பழகிவிடும். இன்னொரு சொல்லை நம் ஆட்களுக்கு இரண்டாவது முறை சொல்லித் தர வேண்டியதே இல்லை: இங்கே ‘ஹிந்தி’ என்றால் ‘இல்லை’. விலைகளைப் பெரும்பாலும் ஸ்பானிய எண்களில் சொல்வார்கள். பேந்த்தே என்றால் 20, சிங்குவெந்தா என்றால் 50. தெற்கே தாவாவ் நகரின் மருத்துவக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்கள் கவனியுங்கள்: பங்கேரோஹான் சந்தையில் பேச்சு பிசாயா மொழியில் நடக்கும். அங்கே விலை கேட்கத் “தக்பிலா?” என்பதே போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சந்தை முழுவதும் ஒரே சொல்லைச் சுற்றித்தான் சுழல்கிறது: சுக்கி. வாடிக்கையாளர் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். கடைக்காரருக்கு நீங்கள் சுக்கி, உங்களுக்கு அவர் சுக்கி. இரண்டு பக்கமும் ஒரே சொல்தான். மீனுக்கு ஒரு சுக்கி, காய்க்கு ஒரு சுக்கி, அரிசிக்கு ஒரு சுக்கி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. அம்மாவின் சுக்கியிடமே மகளும் வாங்குவாள். புதிதாக வரும் நம்மவர்கள் பத்துக் கடையில் விலை கேட்டு, ஐந்து பெசோ குறைந்த கடையைத் தேடி அலைவதைப் பார்க்கிறேன். அலைச்சல்தான் மிச்சம். ஒரே கடைக்கு நான்கு வாரம் தொடர்ந்து போங்கள். அந்த ஐந்து பெசோ தானாகக் குறையும்.

என் மீன்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரம் அவர் பலகையில் இருந்த கலுங்கோங் மீனைக் காட்டி அரை கிலோ கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உதட்டைக் குவித்து, கீழே ஐஸ் பெட்டியின் பக்கம் நீட்டிக் காட்டினார். இந்நாட்டவர் கையை நீட்டாமல் உதட்டாலேயே திசை காட்டுவார்கள். பலகையில் இருந்தது நேற்றைய சரக்கு. பெட்டியில் இருந்தது அன்று விடியற்காலையில் வந்தது. செவுளைத் திறந்து காட்டினார், மாதுளை முத்துபோல் சிவப்பு. அன்றுதான் நான் சுக்கி ஆனேன் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

இந்த முறைகள் எதுவும் நமக்கு அந்நியமில்லை. நாம் கூறு கட்டி விற்பது இங்கே தும்போக். பேரம் என்பது தாவாட். வாங்கி முடித்த பிறகு கேட்கும் கொசுறு, டக்டக். காலை முதல் விற்பனைக்கு நாம் போணி என்கிறோம், இவர்கள் புவேனா மானோ என்கிறார்கள். ஒருநாள் முதல் ஆளாகப் போய் நின்றேன். நான் கொடுத்த 100 பெசோ நோட்டை மீன்காரர் வாங்கி, வரிசையாக எல்லா மீன்கள் மேலும் தட்டிக்கொண்டே போய், கடைசியில் தராசையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பையில் போட்டார். திருநெல்வேலியில் என் மாமா கடையில் போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நினைவுக்கு வந்தது. முதல் ஆளாகப் போனால் விலை கொஞ்சம் இறங்கி வரும். ஆனால் விலை பேசிவிட்டு வாங்காமல் மட்டும் நகராதீர்கள்.

காய்கறியில் பாதி நமக்குத் தெரிந்தவைதான். முருங்கைக்கீரை இங்கே மலுங்கை. கோழி ரசம்போல் ஒரு சூப்பில் போடுவார்கள். பீர்க்கங்காய் பத்தோலா, சுரைக்காய் ஊப்போ, பாகற்காய் அம்பலாயா, சௌசௌ சயோத்தே, காராமணி சிதாவ். மாம்பழம் மங்கா, நம் மாங்காய் மலாய் மொழி வழியாகக் கப்பலேறி வந்த சொல். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் வேண்டுமென்றால் ‘சிபுயாஸ் தகாலோக்’ என்று கேளுங்கள். தேங்காயை இயந்திரத்தில் அங்கேயே துருவித் தருவார்கள். புளி பெரும்பாலும் பச்சைக் காயாகவே இருக்கும், ரசத்துக்கு ஆகாது. புளியும் கறிவேப்பிலையும் துவரம்பருப்பும் வாங்க மணிலாவில் யுனைடெட் நேஷன்ஸ் அவென்யூ பக்கம் இருக்கும் இந்தியக் கடைகளுக்குத்தான் போக வேண்டும்.

கொத்தமல்லி விஷயத்தில் நான் ஏமாந்தேன். அதே இலை, அதே கட்டு. ஆசையாக வாங்கி வந்து ரசத்தில் கிள்ளிப் போட்டால் செலரி வாசனை. அது கின்சாய். கொத்தமல்லிக்குப் பெயர் வன்சோய். வாங்கும் முன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மீனில் வஞ்சிரம் தனிகே, நெத்திலி திலிஸ், கணவாய் புசித். பாங்கூஸ் என்ற பால்மீன்தான் இவர்களின் செல்ல மீன்; ருசி அபாரம், ஆனால் உடம்பெல்லாம் முள். முள் எடுத்ததாகவே கேட்டு வாங்குங்கள். “பாலினிஸ் போ” என்றால் செதில் தேய்த்துக் குடல் நீக்கித் தருவார்கள், பெரும்பாலும் தனிக்காசு கிடையாது. சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் வெறும் காய்கறிக் கூட்டாகத் தெரிவதில்கூடப் பகோஓங் என்ற இறால் விழுது கலந்திருக்கும்.

எடை மோசடி இங்கும் உண்டு. சுக்கி இல்லாத ஒரு கடையில் ஒரு கிலோ இறால் வாங்கி, சந்தையின் பொதுத் தராசில் வைத்தேன். 850 கிராம். திரும்பிப் போய் நின்றதும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கை அள்ளிப் போட்டார். இந்தப் பொதுத் தராசுக்குத் ‘திம்பாங்கான் நங் பாயான்’ என்று பெயர். சந்தைகளில் அதை வைத்தே ஆக வேண்டும் என்று 2022-இல் தனிச் சட்டமே வந்தது. அது எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நிறத்தைப் பார்த்ததும் யாராவது “பும்பாய்!” என்று கூப்பிடக்கூடும். இந்தியர் அனைவருக்கும் இங்கே அதே பெயர். காரணம் உண்டு. மோட்டார் சைக்கிளில் வந்து சந்தை வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து, அன்றாடம் வசூலித்துப் போகும் இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், பல பத்தாண்டுகளாக இங்கே தொழில் செய்கிறார்கள். ஐந்து வாங்கினால் ஆறு திருப்ப வேண்டும், அதனால் ‘ஃபைவ்-சிக்ஸ்’ என்று பெயர். நம்மூர்த் தண்டல்தான். வங்கிப் படி ஏற முடியாத வியாபாரிக்கு விடிவதற்குள் முதல் வேண்டும், வேறு யார் தருவார்கள்? 2017-இல் அதிபர் துத்தெர்த்தே இதை ஒழிக்கப்போவதாக அறிவித்தார். அரசே குறைந்த வட்டிக்கு ஒரு கடன் திட்டமும் தொடங்கியது. மோட்டார் சைக்கிள்கள் இன்றும் வருகின்றன. ஆகவே ஒருவர் உங்களிடம் 5,000 பெசோ கடன் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கையை விரித்துச் சிரித்து, “ஹிந்தி போ” என்றால் போதும். என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்; அதில் ஒருவர்தான் இப்போது என் காய்கறிச் சுக்கி. 2022 டிசம்பரில் வெங்காயம் கிலோ 700 பெசோவைத் தொட்டபோது எனக்கென்று நாலு வெங்காயம் ஒதுக்கி வைத்திருந்தவர் அவர்தான். பணம் அடுத்த வாரம் தந்தால் போதும் என்று நோட்டில் குறித்துக்கொண்டார், ‘பும்பாய்’ என்ற பெயரில். பும்பாய்க்கே கடன் கொடுத்தவர் என்று அந்த வரிசை முழுக்க ஒரு வாரம் சிரிப்பு.

தேர்தல் வந்தால் வேட்பாளர்களும் இங்கேதான் வந்து நிற்பார்கள். மார் ரோஹாஸ் 2004 செனட் தேர்தலில் ‘மிஸ்டர் பலெங்கே’ என்ற பட்டப்பெயரோடு நின்று முதலிடம் பிடித்தார். யார் வீட்டில் கல்யாணம், யார் மகள் துபாய் போகிறாள் என்பதெல்லாம் இங்கேதான் முதலில் தெரியும். உங்கள் பெயர், ஊர், சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் கேட்பார்கள். பதிலுக்கு நீங்களும் கேட்கலாம்.

காலை ஆறுக்குள் போனால் சரக்கு நன்றாக இருக்கும்; கடை கட்டும் நேரத்தில் விலை மலிவு. புயல் நாட்களில் மீன் விலை ஏறும். புனித வெள்ளியன்று பல கடைகள் திறக்காது, வியாழனே வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுக்கியிடம் இல்லாத மீனை வேறு கடையில் வாங்க நேர்ந்தால், அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்து போகாதீர்கள். நான் அரிசிக்கடைப் பக்கமாகச் சுற்றிப் பின்வாசல் வழியாக வெளியேறுகிறேன்.