கோடெக் பேக்கை நிறுவுவதற்கு முன்: வீடியோ பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வீடியோ ஓடவில்லை என்றதும் இணையத்தில் தேடி, கண்ணில் முதலில் பட்ட கோடெக் பேக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் கோடெக் மென்பொருள்களின் தொகுப்பை, நிறுவிவிடுவதுதான் விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலமாக நடந்துவரும் தவறு. கோப்பின் பெயர் எம்கேவி என்று முடிவதால் ‘எம்கேவி கோடெக்’ எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் படத்தையும் ஒலியையும் சப்டைட்டிலையும் சேர்த்து வைக்கும் பெட்டிகள் மட்டுமே. உள்ளே இருக்கும் படத்தின் சுருக்க முறை 2003இல் வந்த எச்.264ஆகவும் இருக்கலாம், 2013இல் வந்த எச்.265ஆகவும் இருக்கலாம், 2018இல் வந்த ஏவி1ஆகவும் இருக்கலாம். மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் இந்த விவரம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் எதையும் நிறுவக் கூடாது.

பல பிளேயர்கள் வீடியோவை ஓட்டப் பயன்படுத்தும் விண்டோஸின் டைரக்ட்ஷோ முறையில் பெட்டியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், சுருக்கிய படத்தை விரிக்கும் டீகோடர், திரையில் காட்டும் ரெண்டரர் என்று ஃபில்டர்கள் எனப்படும் சிறு மென்பொருள்கள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. ஒரே வேலைக்கு இரண்டு மூன்று ஃபில்டர்கள் இருந்தால், ‘மெரிட்’ எனப்படும் முன்னுரிமை எண் எதற்கு அதிகமோ அதற்கே பொதுவாக முதல் வாய்ப்பு கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பேக்குகளை நிறுவும்போது இந்த வரிசை குலைந்து, நேற்று வரை ஒழுங்காக ஓடிய கோப்பு இன்று திக்கத் தொடங்குகிறது. என் பழைய மடிக்கணினியில் ஒரு முறை சப்டைட்டில் இரண்டு இரண்டாக, ஒன்றின்மேல் ஒன்று சற்றே விலகி விழுந்தது. பிளேயர் தானாக ஒரு வரியை எழுத, பேக்கோடு வந்த சப்டைட்டில் ஃபில்டர் அதே வரியை மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தது. பேக்கை நீக்கியதும் சரியாகிவிட்டது.

விஎல்சி என்ற இலவச பிளேயரில் கோளாறு என்று பேக் நிறுவுவது அதைவிட வீண்வேலை. விஎல்சி தன் டீகோடர்களைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், வெளியில் நிறுவும் எதையும் அது சீந்துவதில்லை. டைரக்ட்ஷோ பிளேயர்களுக்குத் தனியாக ஃபில்டர் வேண்டியிருந்தால் எல்ஏவி ஃபில்டர்ஸ் என்ற இலவசத் தொகுப்பு ஒன்றே பெரும்பாலும் போதும். ஆனால் 32 பிட் பிளேயர் 64 பிட் ஃபில்டரைப் பயன்படுத்த முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘நிறுவியும் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் இதுவும் ஒரு காரணம்.

படம் விட்டு விட்டு ஓடினால் கோடெக்கைக் குறை சொல்வதும் சரியல்ல. டீகோடர் இருப்பது வேறு, அதைத் தாங்கும் திறன் கணினிக்கு இருப்பது வேறு. 4கே எச்.265 படத்தை வன்பொருள் உதவியின்றி விரிப்பது பழைய இரட்டை மைய சிபியுவுக்குப் பெரும் பாரம். கிராஃபிக்ஸ் சிப்புக்கு அந்த வடிவம் தெரிந்திருந்தால் பிளேயரின் அமைப்பில் வன்பொருள் டீகோடிங்கை இயக்கினாலே போதும். தெரியாவிட்டால் எந்தப் பேக்காலும் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ஏவி1 டீகோடிங் 11ஆம் தலைமுறை மடிக்கணினிச் சிப்புகளோடுதான் வந்தது. எச்.264இன் 10 பிட் வகை (வழக்கமான 8 பிட்டுக்குப் பதில் 10 பிட்டில் நிறத்தைப் பதிவது) இன்னும் விசித்திரமானது: பழைய வடிவமாயிற்றே என்று நினைப்போம், ஆனால் பெரும்பாலான கிராஃபிக்ஸ் கார்டுகள் அதை விரிப்பதில்லை, சுமை முழுவதும் சிபியு தலையில் விழுகிறது.

படத்தை மெருகேற்றும் ஃபில்டர்களில் அளவு தவறுவது எளிது. டீஇன்டர்லேஸ் என்பது பழைய டிவி ஒளிபரப்பு, டிவிடி ஆகியவற்றில் அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்களைப்போலக் கோடுகள் தெரியும்போது மட்டும் தேவைப்படுவது. முழுச் சட்டகங்களாகவே பதிவான படத்தில் அதை எந்நேரமும் இயக்கி வைத்தால் நுண்விவரங்கள் மழுங்கிவிடும். இரவுக் காட்சிகளில் கருப்பு சாம்பல் பூத்ததுபோல் வெளிறினால், பலர் கான்ட்ராஸ்ட் ஃபில்டரைக் கூட்டுகிறார்கள். வீடியோவில் ஒளியளவு பொதுவாகக் கருப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று பதிவாகிறது. கணினித் திரைக்கு அது 0, 255 என்று விரிய வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவரிலோ டிவியிலோ இந்த வீச்சு தவறாக அமைந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். ஃபில்டரால் ஈடுகட்டினால், பின்னொரு நாள் அமைப்பு சரியாகும்போது நிழல்கள் எல்லாம் கருந்திட்டாகிவிடும்.