பூனைத் தட்டில் கோழி வாய் வைக்காமலிருக்க

பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டிப் பயனில்லை. தீனி இருக்கும் வரை திரும்பி வரும். எனக்குக் கைகொடுத்தது நேரம்தான். கோழிக்கு மங்கலில் கண் சரியாகத் தெரியாது, பொழுது சாயும்போதே அடைந்துவிடும். பூனைக்கு அதுதான் நடமாடும் வேளை. அதனால் கோழி அடைந்து கால் மணி நேரம் கழித்துத் தட்டு வைத்தேன். அரை மணியில் எடுத்துவிட வேண்டும். சிந்திய உலர்தீனியையும் பெருக்கி எடுங்கள். நாலு துணுக்குத் தீனி கிடந்தாலும் விடிந்ததும் கோழி வந்து கிளறும், மறுநாளும் அதே இடத்துக்கு வரும்.

பழகாத பூனை புது நேரத்துக்கு உடனே மாறாது. தினம் 15 நிமிடம் தள்ளினால் போதும். ஒரேயடியாக மாற்றினால் சில பூனைகள் வராமலே போகும்.

உயரத்தில் வைப்பதை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் மேடைக்கு நாட்டுக்கோழி அலட்டாமல் பறந்து ஏறும்.

தண்ணீர்க் கிண்ணம் பகலிலும் இருக்கும், கோழி அதில் எச்சமிடும். எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

வளர்ந்த கோழியிடம் பூனை பெரும்பாலும் வம்புக்குப் போகாது. குஞ்சுதான் ஆபத்து. வயிறு நிறைந்த பூனையும் குஞ்சைப் பிடிக்கும். குஞ்சு பொரித்தால் கம்பிவலைக் கூண்டில் அடைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரு குஞ்சு போன பிறகு பேசினால் எடுபடாது.