மண்ணில் கிடைத்த காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள்

வடாற்காட்டு ஊர்களில் கடைக்கால் தோண்டும்போதோ கிணறு தூர்வாரும்போதோ செப்புக்காசு தென்பட்டால், எடுத்தவர் கை முதலில் நாடுவது புளியைத்தான். குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் புளி காசையும் பளபளப்பாக்கும் என்பது உண்மையே. ஆனால் விளக்கின் மேல் இருப்பது சில வார அழுக்கு. காசின் மேல் இருப்பதோ, செம்பு பல நூற்றாண்டுகளாக மண்ணின் ஈரத்தோடு வினைபுரிந்து உண்டாக்கிய களிம்பு. அரித்துப்போன காசில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிலைத்திருக்கின்றன. புளியோ எலுமிச்சையோ அதைக் கரைத்துவிட்டால் குழி விழுந்த செந்நிறத் தகடுதான் மிஞ்சும். சோழர் காசின் நின்ற உருவமோ திப்பு காசின் யானையோ திரும்ப வராது.

தண்ணீரைப் பற்றி நம் வட்டாரத்தார் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உப்பேறிப் போனதும், 1996இல் உச்ச நீதிமன்றம் அதுகுறித்துத் தீர்ப்பளித்ததும் ஊரறிந்தவை. உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குக் கொடிய பகை. அது காசுக்குள் தங்கிவிட்டால், காற்றின் ஈரம் பட்டாலே வெளிர்பச்சைப் பொடி கிளம்பி, காசை உள்ளிருந்து தின்னத் தொடங்கும். ஆகவே போர்வெல் நீரில் ஊறவைப்பதும், உப்பும் வினிகரும் கலந்து தேய்ப்பதும் நோயை நாமே ஏற்றுவதாகும். பேட்டரிக்காக விற்கும், அமிலம் கலவாத டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, இளகிய மண்ணை மட்டும் கூரில்லாத மூங்கில் குச்சியால் மெல்ல நீக்கினால் போதும். பிறகு நிழலில் முழுமையாக உலர்த்த வேண்டும். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் படலத்தைத் தொடவே கூடாது.

ஈயக்காசுக்கு இந்த முறையும் ஆகாது. செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் சங்ககால ஈயக்காசுகள் கிடைத்த நிலம் நம்முடையது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூய நீரே ஈயத்தை அரிக்கும். மரப்பெட்டியிலிருந்து கசியும் அமில ஆவியும் அரிக்கும்.

வெள்ளிக்காசை விபூதியிட்டுத் தேய்ப்பது மற்றொரு தவறு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த ஆற்காடு ரூபாயில் பிறைக்குறி உண்டு. ஆங்கிலேயக் கம்பெனி அடித்ததில் தாமரை உண்டு. எங்கே அடித்த காசு என்று சொல்லும் இத்தகைய சின்னஞ்சிறு குறிகளைத் தேய்ப்பு எளிதில் மழுக்கிவிடும். பணம் எனப்படும் சிறு தங்கக்காசோ மிக மென்மையானது. துணியில் ஒட்டிய மணலே அதில் கீறல் போட்டுவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, பானையோடு கிடைத்த காசுகளைப் பிரித்துக் கழுவுவதால் நேர்கிறது. ஒட்டிக் கிடக்கும் கட்டியும், பானை ஓடும், காசில் அப்பிய துணி இழையும், கிடைத்த இடமும் ஆழமும் சேர்ந்தால்தான் அவற்றை யார், எப்போது புதைத்தார்கள் என்று ஆய்வாளரால் கணிக்க முடியும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மறைத்தால் தண்டனையும் உண்டு. எனவே கிடைத்த நிலையிலேயே படம் எடுத்து, மண்ணோடு காகிதத்தில் பொதிந்து வைத்து, முதலில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்; வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்திலும் ஆலோசனை கேட்கலாம்.