தரையைத் தோண்டாமல் சாக்கடைக் குழாயைச் சரி செய்த கதை

மூன்றாவது முறையாகக் கழிவறைத் தண்ணீர் மேலே ஏறி வந்தபோதுதான், இனி அடைப்பு எடுத்துப் பயனில்லை என்று புரிந்தது. கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னேன். பழைய மண்குழாயின் இணைப்புகளில் வேர்கள் சடை சடையாகத் தொங்கின. ஓர் இடத்தில் நீளவாக்கில் விரிசல். மேலே முழுக்க டைல்ஸ் தரை. தோண்ட மனம் வரவில்லை.

உள்ளுறை போடும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். 1971-ல் லண்டனில் எரிக் வுட் என்பவர் செய்துகாட்டியது இது. முதலில் வேரை வெட்டி, உயர் அழுத்தத் தண்ணீரால் குழாயைக் கழுவினார்கள். பிறகு ரெசின் என்னும் இறுகக்கூடிய பிசினில் ஊறவைத்த துணிக்குழலை, சட்டைக்கையை உள்வெளியாகத் திருப்புவதுபோல், காற்றழுத்தத்தால் உள்ளே செலுத்தி, வெந்நீர் சுற்றவிட்டு இறுக வைத்தார்கள். பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத புதுக்குழாய்! வேர் நுழைய இடுக்கில்லை. உள்விட்டம் சில மில்லிமீட்டர் குறைந்தது, ஆனால் சுவர் வழவழப்பானதால் ஓட்டம் குறையவில்லை.

ஒன்றில் கோட்டைவிட்டேன். உறை போட்டதும் குளியலறைக் கிளைக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும். உள்ளேயே வெட்டித் திறக்க வேண்டும். கிளைகள் எங்கே சேர்கின்றன என்று முன்பே அளந்து குறிக்காததால் அரைநாள் வீண்.

குழாய் நடுவில் தொய்ந்திருந்தால் இது உதவாது, உறையும் அதே தொய்வில்தான் படியும். முற்றிலும் நொறுங்கியிருந்தால், பழையதை உடைத்தபடியே புதியதை இழுக்கும் முறை உண்டு. அதற்கும் இரு முனையில் குழி வேண்டும்.