டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை: பலனைக் கெடுக்கும் தவறுகள்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்துபோன ஆணுக்கு அதை மருந்தாகக் கொடுத்தால் பாலுறவு நாட்டம் மீள்கிறது, ரத்தசோகை இருந்தால் சீராகிறது, எலும்பின் அடர்த்தி கூடுகிறது, தசை ஏறிக் கொழுப்பு குறைகிறது. குறைபாடே இல்லாதவருக்கு அதே மருந்து பெரிதாக எதையும் தருவதில்லை. ஆனால் விந்தணு உற்பத்தியை அடக்குவதும் ரத்தத்தைக் கெட்டியாக்குவதும் இருவருக்குமே நடக்கும். அதனால்தான் இந்தச் சிகிச்சையின் பெரிய தவறுகள் முதல் ஊசிக்கு முன்பே நடந்துவிடுகின்றன.

மாலையில் எடுத்த ஒரே ஒரு பரிசோதனை

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். இளைஞர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். சாப்பிட்டாலும் குறையும், குளுக்கோஸ் குடித்த பிறகு சராசரியாக 25 சதவீதம் வரை இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். மதிய உணவுக்குப் பின் ரத்தம் கொடுத்துவிட்டு, வந்த எண்ணைப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை. காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை பார்க்க வேண்டும். காய்ச்சலிலோ, அறுவை சிகிச்சை முடிந்த சூட்டிலோ பார்க்கக் கூடாது. எந்தக் கடும் நோயும் தற்காலிகமாக அளவைக் கீழே தள்ளும். முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் அது முடிவையே புரட்டிவிடும்.

எல்லைக்கோடு எது என்பதில் மருத்துவ அமைப்புகள் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்கச் சிறுநீர்ப்பாதையியல் (யூராலஜி) சங்கம் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் என்கிறது. அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 264ஐக் கீழ் எல்லையாகக் காட்டுகிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலின் எல்லையான லிட்டருக்கு 12 நானோமோல், ஏறக்குறைய 350 நானோகிராமுக்குச் சமம். எந்தக் கோட்டை எடுத்துக்கொண்டாலும் எண் மட்டும் போதாது, அறிகுறியும் சேர்ந்திருக்க வேண்டும். பாலுறவு நாட்டம் குறைவது, காலை விரைப்பு நின்றுபோவது, விரைப்புக் குறைபாடு ஆகிய மூன்றுமே நம்பத்தக்க அறிகுறிகள். சோர்வு மட்டும் இருந்தால் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு என்று தேட வேண்டிய இடங்கள் நிறைய உண்டு.

உடல் பருமன் உள்ளவர்கள் இன்னொரு இடத்தில் வழுக்குகிறார்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் பருமனாலும் டைப் 2 சர்க்கரை நோயாலும் குறையும். அப்போது மொத்த அளவு தாழ்ந்து தெரியும். திசுக்களுக்குக் கிடைக்கும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனோ சரியாகவே இருக்கலாம். மொத்த அளவு எல்லைக்கோட்டுக்கு அருகில் நின்றால் எஸ்.எச்.பி.ஜி.யையும் பார்த்து, கட்டற்ற அளவைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே பலருக்கு அளவு கணிசமாக ஏறும்.

காரணத்தைத் தேடாமல் மருந்தைத் தொடங்குவது

அளவு குறைவு என்று உறுதியானதும் பார்க்க வேண்டியவை விரையை வேலை செய்யத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். இவை உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். தாழ்ந்தோ, சாதாரணமாகவோ இருந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலோ அதற்கு மேலேயோ. இரண்டாவது வகையில் புரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனையும் இரும்புச்சத்துச் சேமிப்பையும் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் 150க்கும் கீழே போயிருந்தால், புரோலாக்டின் தொடர்ந்து உயர்ந்திருந்தால், தலைவலியோடு பார்வைக் குறைவும் இருந்தால் பிட்யூட்டரிக் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் தாண்டிக் குதித்து ஊசி போட்டுக்கொண்டால் மருந்து எல்.எச்.சை அடக்கிவிடும். பிறகு எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஓப்பியாய்டு வலி நிவாரணிகள், நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரைகள், முன்பு உடற்கட்டுக்காக எடுத்த அனபாலிக் மருந்துகள் எல்லாமே அளவைக் குறைக்கும். மருத்துவரிடம் இவற்றை மறைக்கக் கூடாது.

குழந்தை வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது

இதைவிட வருத்தமான தவறு இந்தச் சிகிச்சையில் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் ஆண்மைக்கான ஹார்மோன், எனவே அதை ஏற்றினால் விந்தணுவும் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். விந்தணு உருவாக விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு இருக்க வேண்டும். வெளியிலிருந்து மருந்து வந்ததும் மூளை, 'போதுமான அளவு இருக்கிறது' என்று கணக்கிட்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரப்பை நிறுத்துகிறது. விரைக்குள் உற்பத்தி சரிகிறது, விரை சுருங்குகிறது, விந்தணு எண்ணிக்கை விழுகிறது. ஆண் கருத்தடை முறையாகவே இதைச் சோதித்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது.

நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் அவசரத்துக்கு வராது. அத்தகைய கருத்தடை ஆய்வுகளின் தொகுப்பில் ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பேருக்கும், ஓராண்டில் பத்தில் ஒன்பது பேருக்கும் எண்ணிக்கை மீண்டது; மீதிப் பேருக்கு இரண்டாண்டு வரை ஆனது. அவர்கள் தொடக்கத்தில் நல்ல எண்ணிக்கை கொண்ட ஆரோக்கியமானவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே குறைந்த எண்ணிக்கையோடு, ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. விரைவில் குழந்தை வேண்டுமென்றால் டெஸ்டோஸ்டிரோனைத் தொடவே வேண்டாம். பிட்யூட்டரி வகைக் குறைபாட்டில் எல்.எச். போலவே செயல்படும் எச்.சி.ஜி. ஊசி, தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச்., சிலருக்கு குளோமிபீன் என்று விரையையே வேலை செய்யத் தூண்டும் வழிகள் உள்ளன. பிற்காலத்தில் வேண்டும் என்பவர்கள் தொடங்குமுன் விந்துப் பரிசோதனை செய்து, விந்தை உறையவைத்துச் சேமிப்பது நல்லது.

பலனைத் தப்பாக எதிர்பார்ப்பது

2016இல் வெளியான 'டெஸ்டோஸ்டிரோன் டிரையல்ஸ்' ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன, அளவு 275க்குக் கீழ் இருந்த 790 ஆண்களில் ஒரு பாதியினர் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லையும் மறுபாதியினர் மருந்தில்லாப் போலி ஜெல்லையும் ஓராண்டு பயன்படுத்தினார்கள். மருந்து பெற்றவர்களுக்குப் பாலுறவு நாட்டமும் செயலும் மிதமாக முன்னேறின. மனநிலையில் சிறிய ஏற்றம். உடல் சுறுசுறுப்பில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை, நினைவாற்றலிலும் இல்லை. களைப்பு போக வேண்டும் என்ற ஒரே ஆசையில் வருபவர் ஏமாறுவது இதனால்தான். 2023இல் வந்த 'டிராவர்ஸ்' ஆய்வு, இதய நோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த 5,200க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை மருந்தில்லாதவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக் கட்டும் சற்றுக் கூடின. எலும்பு அடர்த்தி ஏறும் மருந்தாயிற்றே என்று நினைத்தால், அதே ஆய்வில் எலும்பு முறிவுகள் குறையவில்லை, கூடின. எலும்புத் தேய்மானத்துக்கு இதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

பொறுமையும் வேண்டும். நாட்டம் மூன்று முதல் ஆறு வாரத்தில் தெரியத் தொடங்கும். விரைப்புக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த குறைபாடு என்றால் இந்த மருந்தால் மட்டும் சரியாகாது. தசையில் மாற்றம் மூன்று, நான்கு மாதத்தில். எலும்பில் ஆறு மாதத்துக்கு மேல். ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று மருந்தளவைத் தானாகக் கூட்டுவது பக்கவிளைவுகளை மட்டுமே விரைவாக்கும்.

ஜெல்லிலும் ஊசியிலும் கைப்பிசகுகள்

ஜெல்லை உலர்ந்த தோளிலும் மேற்கையிலும் தடவி, காய்ந்ததும் சட்டையால் மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இது ஒப்புக்குச் சொல்வதல்ல. தடவிய தோலில் உரசிய சிறு குழந்தைகளுக்கு அகால வயதில் பிறப்புறுப்பு வளர்ச்சியும் முடி வளர்ச்சியும் வந்ததால், 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடச் சொன்னது. குழந்தையைத் தூக்குவதற்கு முன்பும் மனைவியோடு படுப்பதற்கு முன்பும் அந்த இடத்தைக் கழுவிவிடுங்கள். தடவியதும் குளிப்பதும் தவறு: 1.62 சதவீத ஜெல்லுக்கு இரண்டு மணி நேரமும், 1 சதவீத ஜெல்லுக்கு ஐந்து மணி நேரமும் இடைவெளி வேண்டும். ஜெல் தடவிய கையில் ரத்தம் எடுத்தால் தோலில் ஒட்டிய மருந்து கலந்து, நம்ப முடியாத உயர்ந்த எண் வரும்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி வகைகளான சிப்பியோனேட், எனந்தேட் பொதுவாக வாரம் 75 முதல் 100 மில்லிகிராம், அல்லது இரு வாரத்துக்கு 150 முதல் 200. இடைவெளி நீண்டால் முதல் சில நாள் உச்சம், கடைசி நாட்களில் சரிவு என்று மனநிலை ஊசலாடும். அத்தகையவர்களுக்கு மொத்த அளவை மாற்றாமல் வாராந்திரமாகப் பிரித்துப் போடுவது உதவும். பரிசோதனை இரண்டு ஊசிகளுக்கு நடுவே செய்யப்பட வேண்டும். ஊசி போட்ட மறுநாள் பார்த்தால் அதிகம் என்றும், அடுத்த ஊசிக்கு முதல்நாள் பார்த்தால் போதவில்லை என்றும் தோன்றும். பல வாரம் நீடிக்கும் 1000 மில்லிகிராம் அண்டெகனோயேட் ஊசிக்கு விதி வேறு: அடுத்த ஊசிக்குச் சற்று முன் பார்க்க வேண்டும். இந்த எண்ணெய் ஊசியைப் புட்டத்தில் மிக மெதுவாக, சுமார் இரண்டு நிமிடம் எடுத்துச் செலுத்த வேண்டும். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் திடீர் இருமல், மூச்சுத் திணறல் வரும் என்பதால் உடனே எழுந்து போகாமல் அரை மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

தொடங்கிய பின் பரிசோதனையை மறப்பது

உடல் நன்றாக இருக்கிறது என்பதால் ரத்தம் நன்றாக இருப்பதாக ஆகாது. ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கிய பின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ஊசியில் இது ஜெல்லைவிட அதிகம். புகைபிடிப்பவர்களும் தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொடங்குமுன், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், பிறகு ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் சுரப்பியின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.யையும் பார்க்க வேண்டும். முதல் ஆண்டுக்குள் அது ஒரு மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் உயர்ந்தாலோ, 4ஐத் தாண்டினாலோ சிறுநீர்ப்பாதையியல் (யூராலஜி) மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் நேரம் நீளலாம், இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கலாம். இரண்டு மருந்துகளின் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஈஸ்ட்ரோஜன் ஏறிவிடும் என்று பயந்து அதைத் தடுக்கும் மாத்திரையைக் கூடவே போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவிவருகிறது. ஆணின் எலும்புக்கும் பாலுறவு நாட்டத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. மார்பு வலி, வீக்கம் போன்ற தெளிவான காரணமின்றி அதை நசுக்குவது கேடு. மருந்தைத் தானாகத் திடீரென விடுவதும் அப்படியே: அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழித்தெழ வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சோர்வும் மனச்சோர்வும் சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தோன்றலாம். நிறுத்த நினைப்பவர்கள் மருத்துவரிடம் பேசி, அந்த மாதங்களில் எல்.எச்.சையும் டெஸ்டோஸ்டிரோனையும் அளந்தபடியே வெளியேற வேண்டும்.